சுடு பஞ்ச்: குளிர்காலப் பண்டிகைப் பானத்தின் வரலாறு

சுடு பஞ்ச் என்பது காய்ச்சி வடித்த மது, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, வெந்நீர், நறுமணப் பொருள்கள் ஆகியவற்றைக் கலந்து ஒரே பெரிய கிண்ணத்தில் தயாரித்துப் பலருக்கும் பகிர்ந்து தரப்படும் பானம் ஆகும். இங்கிலாந்து, சுவீடன், ஜெர்மனி முதலிய நாடுகளில் கிறித்துமசு, புத்தாண்டுக் காலக் கூடுகைகளில் இது பருகப்படுகிறது. பனிக்காலத்தோடும் கணப்பு அடுப்போடும் இணைத்தே நினைக்கப்படும் இப்பானம், இந்தியாவின் வெப்பமான கடற்கரைகளில் வணிகம் செய்த ஆங்கிலேயரிடையே முதலில் பதிவாகியுள்ளது. கோடை நாட்டுப் பானம் குளிர்நாட்டின் பண்டிகை அடையாளமாக மாறிய வரலாறு, சாதிக்காய், சர்க்கரை, சாராயம் ஆகிய மூன்று பண்டங்களின் வணிக வரலாறும் ஆகும்.

பெயர்க் காரணம்

'பஞ்ச்' என்ற சொல் ஐந்து எனப் பொருள்படும் இந்திய மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. பஞ்சாங்கம், பஞ்சாமிர்தம் போன்ற சொற்களில் தமிழர் அறிந்த 'பஞ்ச' என்பதே இது. மது, சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப் பொருள் ஆகிய ஐந்தும் சேர்வதால் இப்பெயர் ஏற்பட்டதாக விளக்கம் தரப்படுகிறது. 1670களில் மேற்குக் கரையில் பயணம் செய்த ஆங்கில மருத்துவர் ஜான் பிரையர், கோவாப் பகுதியில் கிடைக்கும் சாராயத்தைக் கொண்டு ஆங்கிலேயர் இப்பானத்தைச் செய்வதாகவும், ஐந்து என்னும் எண்ணிலிருந்தே அதன் பெயர் வந்ததாகவும் எழுதியுள்ளார். அவரது நூல் 1698 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இதை ஏற்காதவர்களும் உள்ளனர். தொடக்ககாலக் குறிப்புகளில் பொருள்களின் எண்ணிக்கை எப்போதும் ஐந்தாக இல்லை என்பது அவர்களது முதன்மை வாதம். மதுவை அடைத்து வைக்கும் ஒருவகை மரப்பீப்பாயின் ஆங்கிலப் பெயரான 'பஞ்சன்' என்பதிலிருந்து இச்சொல் சுருங்கி வந்திருக்கலாம் என்பது மாற்றுக் கருத்து. எவ்வாறாயினும், இப்பானத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று இந்தியாவிலிருந்தே கிடைத்துள்ளது.

முந்தைய சூடான பானங்கள்

மதுவில் நறுமணப் பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் ஐரோப்பாவில் பஞ்ச் பானத்துக்கு மிக முந்தையது. அபீசியசின் பெயரில் வழங்கும் உரோமானியச் சமையல் நூலில் தேன், மிளகு, குங்குமப்பூ, பேரீச்சம்பழம் ஆகியவை சேர்த்த திராட்சை மதுவுக்குச் செய்முறை உள்ளது. அந்த மிளகு மலபார்க் கரையிலிருந்து சென்றது. யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149 ஆம் பாடல் குறிப்பிடுகிறது. இடைக்கால ஐரோப்பாவில் இலவங்கப்பட்டை, இஞ்சி, சர்க்கரை சேர்த்துத் துணிப்பையில் வடிகட்டிய 'இப்போகிராசு' என்னும் மது செல்வர் வீடுகளில் பரிமாறப்பட்டது.

இங்கிலாந்தின் எளிய மக்களிடையே 'வாசெயில்' என்னும் வழக்கம் இருந்தது. நலமாக இரு என்று வாழ்த்தும் பழஞ்சொல் ஒன்றிலிருந்து இப்பெயர் வந்தது. சூடாக்கிய ஏல் வகை பியரில் சர்க்கரை, சாதிக்காய், சுட்ட ஆப்பிள் ஆகியவற்றைப் போட்டு, கிறித்துமசு முதல் பன்னிரண்டாம் இரவு வரையான நாள்களில் பொதுக் கிண்ணத்தில் குடித்தனர். ஒரே கிண்ணத்தைச் சுற்றிக் கூடுதல், சூடு, நறுமணம் ஆகிய மூன்றும் இதில் ஏற்கெனவே அமைந்திருந்தன. பின்னாளில் வந்த பஞ்ச் இந்த இடத்திலேயே அமர்ந்தது.

இந்தியக் கடற்கரையில் தோற்றம்

ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனம் 1600 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1611 ஆம் ஆண்டில் சோழமண்டலக் கரையின் வடபகுதியில் மசூலிப்பட்டினத்திலும் பெத்தபள்ளியிலும் அதன் பண்டகசாலைகள் ஏற்பட்டன. பெத்தபள்ளி என்பது இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் நிசாம்பட்டினம் ஆகும். 1632 ஆம் ஆண்டில் இராபர்ட் ஆடம்சு என்பவர் பெத்தபள்ளியில் இருந்த தாமசு கோலி என்பவருக்கு எழுதிய கடிதத்தில் பஞ்ச் பானம் பேச்சுவாக்கில் இடம்பெறுகிறது. அது என்ன பானம் என்று அவர் விளக்கவில்லை. எனவே அக்காலத்துக்குள் அது அங்குள்ள ஆங்கிலேயருக்குப் பழகிய பெயராகிவிட்டது என அறியலாம்.

1638 ஆம் ஆண்டில் சூரத் நகரில் தங்கிய ஜெர்மானியப் பயணி மாண்டெல்சுலோ, அங்குள்ள ஆங்கிலேயர் சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து குடித்ததைப் பதிவு செய்துள்ளார். 1653 ஆம் ஆண்டில் வெளியான பிரெஞ்சுப் பயணி புல்லாயே லெ கூசின் நூலில் இதனுடன் சாதிபத்திரியும் வறுத்த பிசுக்கோத்தும் சேர்கின்றன. இக்குறிப்புகளில் பானத்தைச் சூடாக்கியதாகச் செய்தி எதுவும் இல்லை.

இப்பானம் உருவானதற்கான காரணத்தைக் கப்பல் வாழ்க்கையில் காணலாம். ஆங்கில மாலுமிகளுக்குப் பழக்கமான பியர், வெப்ப மண்டலக் கடலில் பல மாதப் பயணத்தில் புளித்துக் கெட்டது. திராட்சை மது விலை மிகுந்தது. காய்ச்சி வடித்த மது மட்டும் கெடாமல் இருந்தது. ஆசியத் துறைமுகங்களில் அது 'அராக்' என்ற பெயரில் கிடைத்தது. வியர்வை எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வாலையில் ஆவி குளிர்ந்து துளித்துளியாகச் சொட்டுவதை அது குறிக்கிறது. கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள்ளை வடித்து அராக் செய்யப்பட்டது. சாவகத் தீவின் பட்டாவியாவில், அதாவது இன்றைய சகார்த்தாவில், கரும்புப் பாகுக் கழிவு முதன்மை மூலப்பொருளாக இருந்தது. கடுமையான இந்தச் சாராயத்தை அப்படியே குடிப்பது கடினம். உள்ளூரில் எளிதாகக் கிடைத்த எலுமிச்சையும் சர்க்கரையும் நீரும் அதன் கடுமையைத் தணித்தன.

நிறுவனத்துக்கு இக்குடிப்பழக்கம் தொல்லையாகவும் இருந்தது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 17 ஆம் நூற்றாண்டில் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்காணை ஒன்று, ஒருவருக்கு ஒரு நேரத்தில் அரைப் பைன்ட்டுக்கு மேல் அராக் ஊற்றக் கூடாது என்று விதித்தது. மீறினால் கடைக்காரருக்கு ஒரு பகோடாவும் குடித்தவருக்கு 12 பணமும் தண்டம்.

ஐரோப்பாவில் பரவுதல்

நாடு திரும்பிய கப்பல்கள் பஞ்ச் பானத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றன. நாட்குறிப்பாளர் ஜான் ஈவ்லின் 1662 சனவரி 16 அன்று, பின்னாளில் மன்னரான யார்க் கோமகனுடன் இலண்டன் அருகே நின்ற கிழக்கிந்தியக் கப்பல் ஒன்றுக்குச் சென்றபோது அங்கு விருந்தில் பஞ்ச் வழங்கப்பட்டதை எழுதியுள்ளார். அவர் பார்வையில் அது தொலைதேசத்துப் புதுமைப் பொருள்.

அடுத்த எழுபது ஆண்டுகளில் நிலை மாறியது. 1731 ஆம் ஆண்டில் ஜேம்சு ஆஷ்லி என்பவர் இலண்டன் இலட்கேட் குன்றுப் பகுதியில் பஞ்ச் விற்பதற்கென்றே கடை தொடங்கினார். ஒரு குவார்ட் அராக் பஞ்ச் பானமாகக் கலந்து 6 சில்லிங்குக்கும், ரம் அல்லது பிராந்தி 4 சில்லிங்குக்கும் விற்கப்பட்டன. ஆசியாவிலிருந்து வந்த அராக் விலை உயர்ந்தது என்பதையும், மேற்கிந்தியத் தீவுகளின் ரம் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியதையும் இவ்விலைகள் காட்டுகின்றன. ஓவியர் வில்லியம் ஓகார்த் 1733 அளவில் வெளியிட்ட செதுக்கோவியம் ஒன்று, நள்ளிரவில் பெரிய பஞ்ச் கிண்ணத்தைச் சுற்றி நிலைகுலைந்து கிடக்கும் ஆண்களைக் கேலி செய்கிறது.

குளிர்நாட்டில் இப்பானம் சூடாவதற்குக் காரணங்கள் இருந்தன. அக்காலச் சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக விற்கப்பட்டது. அதை உடைத்துக் கரைக்க வெந்நீரே எளிது. வெந்நீரில் எலுமிச்சைத் தோல், சாதிக்காய் ஆகியவற்றின் மணம் நன்கு எழுகிறது. வாசெயில் கிண்ணத்தால் மக்களும் குளிர்காலச் சூடான பானத்துக்குப் பழகியிருந்தனர். கள்ளைக் குறிக்கும் இந்தி மொழியின் 'தாடி' என்ற சொல்லும் இதே வழியில் சென்று, மது, வெந்நீர், சர்க்கரை கலந்த 'டாடி' என்ற குளிர்கால ஆங்கிலப் பானத்தின் பெயராயிற்று.

பண்டங்களின் பின்னணி

பஞ்ச் கிண்ணம் பெருகியதற்குப் பண்டங்களின் விலை குறைந்ததும் அவை தடையின்றிக் கிடைத்ததுமே அடிப்படை. அதற்கான விலையைக் கிண்ணத்தைச் சுற்றி இருந்தவர்கள் கொடுக்கவில்லை.

சாதிக்காய்: 17 ஆம் நூற்றாண்டில் உலகுக்கு வேண்டிய சாதிக்காயும் சாதிபத்திரியும் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பண்டா என்னும் சிறு தீவுக்கூட்டத்திலிருந்தே வந்தன. தங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற டச்சு நிறுவனத்தின் கட்டாயத்தைத் தீவினர் ஏற்காததால், 1621 ஆம் ஆண்டில் ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் படையெடுத்தார். சுமார் 15,000 எனக் கணிக்கப்படும் மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர், அல்லது அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். ஓராயிரம் பேர் அளவிலேயே தீவுகளில் எஞ்சினர். பின்னர் நிலம் தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, வேறு இடங்களிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளைக் கொண்டு பயிர் தொடர்ந்தது. ஆங்கிலேயர் உரிமை கோரிய ரன் என்னும் தீவு 1667 ஆம் ஆண்டின் பிரேடா உடன்படிக்கையால் டச்சுக்காரர் வசமே நின்றது. இன்றைய நியூயார்க் அமைந்துள்ள மான்காட்டன் ஆங்கிலேயர் வசம் நின்றது.

இலவங்கப்பட்டை: இலங்கையின் கரையோரப் பகுதிகளைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றும் பணியை டச்சுக்காரர் 1658 ஆம் ஆண்டில் முடித்தனர். கறுவாப்பட்டை உரிக்கும் வேலை சலாகம சாதியினர்மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து முற்காலத்தில் குடியேறியவர்களாகக் கருதப்படும் இவர்கள், ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு பட்டையைச் செலுத்த வேண்டியிருந்தது.

சர்க்கரையும் ரம்மும்: பார்படோசு தீவில் 1640களில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. பின்னர் யமேக்கா உள்ளிட்ட தீவுகளுக்கும் இம்முறை பரவியது. அட்லாண்டிக் அடிமை வணிகத்தின் முழுக் காலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்கர் கப்பல்களில் ஏற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பகுதியினர் கரும்புத் தோட்டங்களுக்கே சென்றனர். சர்க்கரை எடுத்தபின் எஞ்சிய பாகுக் கழிவிலிருந்து ரம் வடிக்கப்பட்டது. ஆகவே பஞ்ச் கிண்ணத்தின் இனிப்பும் போதையும் ஒரே தோட்டத்திலிருந்து வந்தன. ஆங்கிலத் துறைமுக நகரங்களில் கப்பலின் படம் தீட்டி அதன் பயணம் வெற்றி பெற வாழ்த்தெழுதிய பஞ்ச் கிண்ணங்கள் செய்யப்பட்டன. அடிமை வணிகத்தை வாழ்த்தும் கிண்ணங்களும் அவற்றுள் உண்டு.

இத்தொடர்பை அக்காலத்தவரே உணர்ந்திருந்தனர். அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானத்தை 1791 ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் நிராகரித்தபோது, வில்லியம் பாக்சு என்பவர் வெளியிட்ட துண்டு நூல், மேற்கிந்தியச் சர்க்கரையையும் ரம்மையும் மக்கள் கைவிட வேண்டும் என்று கேட்டது. வாக்குரிமை இல்லாத பெண்களும் வீட்டுச் சமையலறை வழியாக இந்தப் புறக்கணிப்பில் பங்கு கொண்டனர். அடிமை வணிகம் 1807 ஆம் ஆண்டிலும், பிரித்தானியப் பேரரசின் பெரும்பகுதியில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833 ஆம் ஆண்டிலும் வந்தன.

பட்டாவியா அராக்: பட்டாவியாவின் கரும்பாலைகளையும் சாராய வாலைகளையும் பெரும்பாலும் சீனக் குடியேறிகள் நடத்தினர். சர்க்கரைத் தொழில் நலிந்து பதற்றம் வளர்ந்த நிலையில், 1740 ஆம் ஆண்டில் அந்நகரின் சீனர்கள் படுகொலை செய்யப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை சுமார் 10,000 என மதிப்பிடப்படுகிறது.

தயாரிக்கும் முறை

ஒரு பங்கு புளிப்பு, இரு பங்கு இனிப்பு, மூன்று பங்கு மது, நான்கு பங்கு நீர் என்பது பழைய அளவு முறைகளுள் ஒன்று. ஆனால் விகிதத்தைவிட வரிசை முறையே சுவையைத் தீர்மானிக்கிறது.

எலுமிச்சையின் மணம் அதன் சாற்றில் அன்றி மஞ்சள் தோலில் உள்ள எண்ணெயில்தான் மிகுதி. எனவே முதலில் தோலை மெலிதாகச் சீவிச் சர்க்கரையோடு சேர்த்துக் கசக்கி ஊற வைப்பர். சர்க்கரை எண்ணெயை வெளியே இழுக்கிறது. தோலின் அடியில் உள்ள வெள்ளைப் பகுதி சேர்ந்தால் பானம் கசக்கும். அடுத்து சாறு, மது, வெந்நீர் ஆகியவை சேர்க்கப்படுகின்றன. ஆல்ககால் ஏறத்தாழ 78 பாகை செல்சியசில் கொதிப்பதால், மது சேர்த்த பானத்தை நீண்ட நேரம் கொதிக்கவிடுவதில்லை. நீரைத் தனியே கொதிக்க வைத்து ஊற்றுவதே வழக்கம். சாதிக்காயின் மணம் விரைவில் ஆவியாகிவிடும் என்பதால் அது கடைசியில் துருவப்படுகிறது.

எழுத்தாளர் சார்லசு டிக்கன்சு 1847 சனவரி 18 அன்று ஒரு பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில் தமது முறையை விரிவாகத் தந்துள்ளார். உறுதியான பாத்திரத்தில் மூன்று எலுமிச்சையின் மெல்லிய தோல், இரு கை நிறையக் கட்டிச் சர்க்கரை, ஒரு பைன்ட் பழைய ரம், ஒரு பெரிய மதுக்குவளை பிராந்தி ஆகியவற்றை இட வேண்டும். பின்னர் தீமூட்டி மூன்று நான்கு நிமிடங்கள் எரியவிட்டு, சாற்றைப் பிழிந்து, ஒரு குவார்ட் கொதிநீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குப் பின் சுவைத்துப் பார்த்து இனிப்பைச் சரிசெய்யலாம். சூட்டில் கிடக்கும் தோல் கசப்பை ஏற்றும் என்பதால் அதை எடுத்துவிட வேண்டும் என்பது அவரது எச்சரிக்கை. ரம் எரியும்போது ஆல்ககாலின் ஒரு பகுதியே குறைகிறது. முழுவதும் எரிந்து போவதில்லை.

அன்றாடப் பானம் பண்டிகைப் பானமாதல்

19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பஞ்ச் பானத்தின் அன்றாடச் செல்வாக்கு குறைந்தது. வேலையும் நேரக் கட்டுப்பாடும் மிகுந்த நகர வாழ்வில், பலர் கூடி மணிக்கணக்கில் ஒரு கிண்ணத்தைத் தீர்க்கும் வழக்கத்துக்கு இடம் சுருங்கியது. தனித்தனிக் குவளைகளில் தரும் பானங்கள் பரவின. மதுவிலக்கு இயக்கங்களும் வலுப்பெற்றன.

இதே காலத்தில் கிறித்துமசு, குடும்பம் கூடும் பண்டிகையாகப் புதிய வடிவம் பெற்று வந்தது. 1843 டிசம்பர் 19 அன்று வெளியான டிக்கன்சின் 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையில் ஏழை எழுத்தர் பாப் கிராட்சிட் சின், எலுமிச்சை ஆகியவற்றைக் கலந்து அடுப்பில் சூடாக்குகிறார். கதை முடிவில் மனம் மாறிய முதலாளி ஸ்குரூஜ், அவரோடு அமர்ந்து 'சுமோக்கிங் பிசப்' குடிக்க அழைக்கிறார். கிராம்பு குத்திச் சுட்ட ஆரஞ்சுப் பழங்களைப் போர்ட் மது, சர்க்கரை ஆகியவற்றோடு சேர்க்கும் சூடான பானம் இது. கஞ்சத்தனத்துக்கு எதிரான பகிர்வின் அடையாளமாக இங்குக் கிண்ணம் நிற்கிறது. அன்றாட வாழ்விலிருந்து மறைந்து கொண்டிருந்த பழக்கம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் பழமையின் நினைவாக நிலைபெற்றது.

சுவீடனும் ஜெர்மனியும்

1731 ஆம் ஆண்டில் கோத்தன்பர்க் நகரில் தொடங்கப்பட்ட சுவீடனின் கிழக்கிந்திய நிறுவனம் முதல் கப்பலை 1732 ஆம் ஆண்டில் அனுப்பியது. அது மறு ஆண்டு திரும்பியது. இவ்வணிகத்தின் வழியே பட்டாவியா அராக் சுவீடனில் பரவியது. ஆங்கிலேயர் ரம்முக்கு மாறிய பின்னும் சுவீடியர் அராக்கைக் கைவிடவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் புட்டியில் அடைத்த 'புன்சு' விற்பனைக்கு வந்தபின் அதைக் குளிர்ச்சியாகக் குடிப்பதும் பரவியது. வியாழக்கிழமைப் பட்டாணிக் கூழுடன் புன்சு பானத்தைச் சூடாகக் குடிக்கும் மரபு இன்றும் உள்ளது.

ஜெர்மன் கவிஞர் சில்லர் 1803 ஆம் ஆண்டில் இயற்றிய பஞ்ச் பாடலில் பொருள்கள் நான்காகக் குறைந்துவிட்டன; நறுமணப் பொருள் அதில் இல்லை. இன்று ஜெர்மனியில் புகழ்பெற்றது 'பாயர்சாங்கன்போலே' என்னும் வகை. நறுமணப் பொருள்கள் இட்டுச் சூடாக்கிய சிவப்பு மதுவின்மேல் இடுக்கி போன்ற தாங்கியில் சர்க்கரைக் கூம்பை வைத்து, கடும் ரம்மில் நனைத்துக் கொளுத்துவர். உருகிய சர்க்கரை சொட்டுச் சொட்டாக மதுவில் விழும். 1933 ஆம் ஆண்டில் வெளியான என்ரிக் சுபோர்லின் புதினமும் 1944 ஆம் ஆண்டின் திரைப்படமும் இதை மேலும் பரப்பின. வட ஜெர்மனியின் பிளென்சுபர்க் நகரம் 1864 வரை டென்மார்க்கு மன்னரின் ஆட்சியில் இருந்தது. டேனிய மேற்கிந்தியத் தீவுகளின் ரம் அந்நகரம் வழியாக இப்பகுதியில் பரவியது. அத்தீவுகளில் அடிமைமுறை 1848 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது.

இன்றைய நிலை

இன்று பஞ்ச் என்ற பெயர் மது இல்லாத பழச்சாற்றுக் கலவைகளுக்கும் வழங்குகிறது. ஜெர்மன் கிறித்துமசுச் சந்தைகளில் சிறுவருக்கென்று மதுவற்ற சூடான பஞ்ச் விற்கப்படுகிறது. ஒருகாலத்தில் பண்டா தீவுகளுக்கு மட்டுமே உரிய சாதிக்காயை, 1770 அளவில் பிரெஞ்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் வேறு நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். பினாங்கு, கிரெனடா போன்ற இடங்களில் அது பயிரானதும் தனியுரிமை முடிந்தது. போருக்குக் காரணமான பண்டம் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் பொருளாயிற்று.

சாவகத்தில் வடிக்கப்படும் அராக் இன்றும் ஐரோப்பாவுக்கு அனுப்பப்படுகிறது. சுவீடனின் புன்சு அதைக் கொண்டே செய்யப்படுகிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் கிண்ணத்தின் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்ற நினைவு மறைந்துவிட்டது. பெத்தபள்ளிப் பண்டகசாலைக் கடிதத்தில் விளக்கமின்றி இடம்பெற்ற அந்தப் பெயர் மட்டும் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக மாறாமல் தொடர்கிறது.